சீறாத சுண்ணாம்பு

ஒவ்வொரு வருடமும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இரண்டு அணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிணைப்பு உடையும்போது சூடு வெளியே வருமா, உள்ளே போகுமா? வகுப்பு மொத்தமும் ஒரே குரலில், "வெளிய வரும் டீச்சர்" என்று கத்தும். பட்டாசு வெடித்து வளர்ந்த பிள்ளைகள். எதையும் உடைத்தால் சூடு வரும் என்று அவர்கள் மனதில் பதிந்து கிடக்கிறது. உடைப்பதற்கு நாம்தான் சூடு கொடுக்க வேண்டும், ஒன்றோடு ஒன்று புதிதாகச் சேரும்போதுதான் சூடு வெளியே வரும் என்று நான் சொன்னால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பரீட்சையில் சரியாக எழுதி மார்க் வாங்கிக்கொண்டு, வெளியே போனதும் பழைய நம்பிக்கைக்கே திரும்பிவிடுவார்கள்.

அந்தப் பாடத்தில் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டுக் காட்ட வேண்டும். கண்ணாடிக் குவளையில் ஒரு துண்டு சுண்ணாம்பு, அதன் மேல் கொஞ்சம் தண்ணீர், புஸ்ஸென்று ஒரு சத்தம், குவளையைத் தொட்டுப் பார்த்தால் சுடும். மற்ற ஆசிரியர்களுக்கு அது ஐந்து நிமிட வேலை. நான் மட்டும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாத பிள்ளையைப் பக்கத்தில் விடமாட்டேன். பள்ளியில் அந்தக் கண்ணாடி கிடையாது. நானே கடையில் வாங்கி வைத்திருக்கிறேன். "டீச்சர் வெல்டிங் பட்டறை வச்சிருக்காங்க" என்று ஆசிரியர் அறையில் கேலி பேசுவார்கள். பேசட்டும். என் அம்மாவுக்கு வலது கண் இல்லை.

நான் போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில் பிறந்தவள். வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் தொழிலாளர் வீடுகளுக்கு எங்கள் பக்கம் லயம் என்று பெயர். அம்மாவும் அங்கேயே பிறந்தவள். போடிக்கு இறங்குவது வருடத்தில் ஓரிரு தடவை, அதுவும் திருவிழாவுக்கு. அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோது வேலை தேடி மலையிறங்கிப் போனார். எங்கேயோ இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார், திரும்பவில்லை. புருஷன் விட்டுவிட்டுப் போனவளை எங்கள் லயத்தில் யாரும் எதற்கும் முன்னால் கூப்பிட மாட்டார்கள். வளைகாப்பு, சீர், பொங்கல் பானை எதுவானாலும் அவள் பின்னால் நின்று பாத்திரம் கழுவலாம். அந்த நியாயத்தை எழுதி வைத்தவன் யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாலு கேள்வி கேட்பேன்.

அப்படிப்பட்ட அம்மாவை வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார்கள். அது சுண்ணாம்பு நீற்றும் நாள்.

ஏலத்துக்கு மழைக்காலத்தில் அழுகல் வரும். காய் பிடித்த சரம் கொழகொழத்துப் போய் நாற்றம் அடிக்கும். அது வராமலிருக்க, மழை தொடங்கும் முன்னே துருசும் சுண்ணாம்பும் கரைத்து அடிப்பார்கள். துருசு என்பது நீலக் கல், புத்தகத்தில் தாமிர சல்பேட். துருசை ஒரு டிரம்மில் கரைப்பார்கள், சுண்ணாம்பை இன்னொன்றில் தண்ணீர் விட்டு நீற்றுவார்கள், ஆறிய பிறகு இரண்டையும் கலப்பார்கள். சேர்மானம் சரியா என்று பார்க்கக் கருக்கருவாளை உள்ளே முக்கி எடுப்பார்கள். அரிவாளில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை என்று அர்த்தம்.

சுண்ணாம்பு நீற்ற எல்லோரையும் விடமாட்டார்கள். கைராசி வேண்டும். நான் பிறப்பதற்கு முன்பு ஒரு வருடம், புதிதாக வேலைக்கு வந்த ஓர் ஆள் தண்ணீரை ஊற்றியபோது சுண்ணாம்பு சீறிக் கையெல்லாம் வெந்துவிட்டதாம். அடுத்த தடவை யாரும் குடத்தைத் தொடவில்லை. அம்மா தொட்டிருக்கிறாள். சுண்ணாம்பு மெல்லப் புகைந்து, பால் மாதிரி அடங்கியிருக்கிறது. அன்றிலிருந்து அவள் கைராசிக்காரி. "அவ கைக்குச் சுண்ணாம்பு சீறாது" என்று பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் கூப்பிட்டனுப்பினார்கள்.

அதற்கென்று ஒரு முறையும் உண்டு. டிரம்மைக் கழுவிக் குங்குமம் வைப்பார்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணி வெற்றிலை பாக்கும் ஒரு ஜாக்கெட் துணியும் தட்டில் வைத்து அம்மாவிடம் நீட்டுவார். அவள் குடத்துத் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். விட்டு விட்டு ஊற்றினால் மழையும் விட்டு விட்டுப் பெய்து அழுகலைக் கொண்டுவரும் என்று நம்பிக்கை. ஊற்றி முடித்ததும் குனிந்து டிரம்முக்குள் முகம் பார்க்க வேண்டும். வெள்ளைத் தண்ணீரில் முகத்து நிழல் ஆடாமல் தெரிந்தால் அந்த வருடக் காய் தப்பித்தது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, "தெரியுது" என்பாள். எல்லோரும் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். வருடம் முழுக்கக் குனிந்தே நடப்பவளா இவள் என்று இருக்கும்.

அந்த ஜாக்கெட் துணிகளை அவள் தைத்துப் போட்டதே இல்லை. மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள். விருந்தாளி யாராவது வந்தால் பெட்டியைத் திறந்து ஏதோ தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

நான் போடியில் விடுதியில் தங்கிப் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, மழைக்கு முன்பாகத் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் ஏறினேன். இடமில்லாமல் பின்னால் லோடு மேலே உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்தது சுண்ணாம்பு மூட்டை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை சுண்ணாம்பு மூட்டையோடு மலை ஏறியிருக்கிறேன். எப்போதும் சாதாரணச் சணல் சாக்குதான் இருக்கும், ஓரமெல்லாம் மாவு உதிரும். இந்தத் தடவை உள்ளே தடித்த பாலித்தீன் பை போட்டு, வாயைக் கம்பியால் முறுக்கியிருந்தார்கள். உட்கார்ந்தால் கல் கல்லாகக் குத்தியது.

முதலாளி அப்படிக் கேட்டு வாங்கியிருந்தார். முந்தின வருடம் மருந்து அடித்தும் அழுகல் நிற்கவில்லை. மலைக்கு வரும் சுண்ணாம்பு வழியிலேயே கெட்டுப்போகிறது, அதில் வேகம் இல்லை, நல்ல சரக்கு வாங்குங்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் சொன்னது சரிதான். போடியில் கடைக்காரர் மூட்டையை ஏற்றிவிட்டு டிரைவரிடம், "அண்ணே, சூளையிலருந்து இறங்குன பச்சச் சரக்கு. மஞ்சு படாமக் கொண்டு போயிச் சேத்துருங்க" என்றார். டிரைவர் மூடுபனி படாதபடி தார்ப்பாயை இழுத்து மூடினார். மேலே கங்காணியும் மூட்டையை ஸ்டோருக்குள், ஏலக்காய் உலர்த்தும் அறையின் காய்ந்த தரையில் வைக்கச் சொன்னார். சுண்ணாம்புக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று இத்தனை பேரும் கவலைப்பட்டார்கள். அதை நீற்றப்போகிறவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மூட்டையைப் பிரித்தார்கள். அம்மா ஒரு கட்டியைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தாள். "இந்த வருசம் நல்லாக் கல்லு மாதிரி இருக்கு" என்று சந்தோஷப்பட்டாள். வழக்கமாக அவளுக்குக் கிடைப்பது பாதி கல்லும் பாதி மாவும்தான். குங்குமம் வைத்தாயிற்று. வெற்றிலை கொடுத்தாயிற்று. மேலே மேகம் கட்டியிருந்ததால் கங்காணி, "வெரசா ஊத்து தாயி" என்றார். ஒரே மூச்சில் ஊற்றினாள்.

ஒன்றும் ஆகவில்லை. கட்டியாக இருக்கும் சுண்ணாம்பு தண்ணீரைக் குடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அது அம்மாவுக்குத் தெரியாது. முறைப்படி முகம் பார்க்கக் குனிந்தாள்.

டிரம் உறுமியது. அடுப்பில் கஞ்சி பொங்கித் தெறிப்பதுபோல ஆளுயரத்துக்குச் சுண்ணாம்பு எழும்பியது. அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விரல்களுக்கு நடுவே வெள்ளையாக வழிந்தது. நான் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு பேர் என்னைப் பிடித்து இழுத்தார்கள். "தண்ணி ஊத்துனதுலதான இப்பிடிக் கொதிக்குது, கண்ணுலயும் ஊத்தப்போறியா?" என்று ஒருத்தி அலறினாள். கேட்பதற்கு அதில் நியாயம் இருப்பதுபோலத்தான் இருந்தது. பச்சைப் பிள்ளைக்காரி ஒருத்தியைக் கூட்டி வந்து கண்ணில் தாய்ப்பால் பீய்ச்சினார்கள். சுற்றிலும் தேங்காயெண்ணெய் தடவினார்கள். ஒரு வாளி, இரண்டு வாளி, பத்து வாளித் தண்ணீர் விட்டு நிற்காமல் கழுவியிருந்தால் கண்ணில் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்று பிறகு மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஜீப் கிடைத்து, மூடுபனியில் ஊர்ந்து இறங்கி, போடி, தேனி, மதுரை என்று போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இடது கண் தப்பியது. வலது கண் வேகவைத்த முட்டையின் வெள்ளை போல ஆகிவிட்டது.

தோட்டத்தில் ஒரு பேச்சுதான் பேசினார்கள். "கைராசி போயிருச்சு." அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. முதலாளிக்கும் அது வசதியாக இருந்தது. சரக்கில் குறை இல்லை, முறையில் குறை இல்லை, ஊற்றிய கையில்தான் குறை. அடுத்த வருடம் கங்காணி பெண்சாதிக்கு வெற்றிலை போனது என்று கேள்விப்பட்டேன். அவள் எட்ட நின்று கம்பால் கிளறினாளாம். முகம் பார்க்கும் வழக்கத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். அதை மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

கல்லூரியில் வேதியியல் எடுத்தேன். இரண்டாம் வருடம், ஒரு சாதாரண மத்தியான வகுப்பில், எல்லாம் விளங்கியது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் வைத்து எரிக்கிறோம். கல்லுக்குள் இருக்கும் பிணைப்பை உடைக்க அத்தனை விறகுச் சூடும் தேவைப்படுகிறது. அப்படிச் சுட்ட சுண்ணாம்புக்குத் தண்ணீர் மேல் தீராத தாகம். தண்ணீரோடு சேர்ந்து புதுப் பிணைப்பு உண்டாகும்போது சூட்டைக் கக்கும். அந்தத் தண்ணீர் குடத்திலிருந்துதான் வர வேண்டும் என்று இல்லை. மூடுபனியும் தண்ணீர்தான். போடியிலிருந்து சணல் சாக்கில் ஏறும் சுண்ணாம்பு, ஒவ்வொரு வளைவிலும் பனியைக் குடித்துக் குடித்து, ஈரத் தரையில் வாரக்கணக்கில் கிடந்து, யாருக்கும் தெரியாமல் தன் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தொலைத்திருக்கிறது. அம்மாவின் கைக்கு வந்தது பாதி செத்த சுண்ணாம்பு. கை வெந்த அந்த முதல் ஆளுக்கு மட்டும், அன்று வந்து இறங்கிய மூட்டையைப் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். போடியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற எவருக்கும் சுண்ணாம்பு கொதிக்கும் என்று தெரியும். மலையிலேயே பிறந்து, செத்த சுண்ணாம்பை மட்டுமே பார்த்தவர்கள்தான் ஒரு குடத்தை மொத்தமாகக் கவிழ்த்துவிட்டுக் குனிந்து முகம் பார்க்க முடியும்.

இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஆறிய புண்ணை எதற்குக் கிளற வேண்டும் என்று இருந்துவிட்டேன். வேலை கிடைத்ததும் அவளைப் போடிக்குக் கூட்டி வந்தேன். வாடகை வீட்டில் இருந்தோம். அவள் எந்தக் காரியத்தையும் தொடங்கி வைக்க மாட்டாள். புது அரிசி மூட்டையை நான்தான் பிரிக்க வேண்டும். கோயிலில் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நிற்பாள். வயதாகிவிட்டது, கண் வேறு இப்படி, கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் ராசிங்காபுரம் போகும் சாலையில் சின்னதாக ஒரு வீடு கட்டினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது வேறு கதை. பால் காய்ச்ச வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள், "கட்டுக்கழுத்தி யாரையாச்சும் வைக்கச் சொல்லுங்க டீச்சர்" என்றார்கள். புருஷனோடு வாழ்கிறவளைத்தான் அப்படிச் சொல்வார்கள். என் அம்மாதான் அடுப்பில் பால் வைப்பாள் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"எங் கை வேணாம் தாயி. நீயே வையி."

"ஏன்? உன் கைக்கு என்ன?"

"வேணாம்னா விடேன்."

நான் விடவில்லை. அவள் வெங்காயத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். பிறகு மெதுவாக, "அன்னைக்கு நான் தலைக்கு ஊத்தாம இருந்தேன். ரெண்டாம் நாளு" என்றாள்.

மாதவிலக்கைத்தான் சொல்கிறாள்.

"சொன்னா கங்காணி பொஞ்சாதிட்டக் குடத்தக் குடுத்துருவாங்க. ஒரு தடவ போச்சுன்னா பெறகு வராது. அதான் சொல்லல. தீட்டோட போயி ஊத்துனேன். சுண்ணாம்பு பாத்துருச்சு. எங் கண்ணப் புடுங்கிக்கிருச்சு. நான் செஞ்ச பாவம், உன் வீட்டுக்கு எதுக்கு?"

இத்தனை வருடமாக இதை மனதின் ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவள் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், என் துணியைத் துவைத்திருக்கிறாள், தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். சணல் சாக்கு, பாலித்தீன் பை, மூடுபனி, சூளை, டிரைவர், முதலாளி எல்லாம். நான் அந்த மூட்டை மேல்தான் உட்கார்ந்து வந்தேன் என்று சொன்னேன். உன் மேல் ஒரு பொட்டுத் தப்பு இல்லை, தீட்டும் இல்லை மண்ணும் இல்லை, சுண்ணாம்புக்குக் கண்ணா இருக்கிறது என்று கத்தினேன். வகுப்பில் நடத்துவதைவிட நன்றாக நடத்தினேன். அவளும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

"அப்ப அந்த மூட்டைல இருந்தது நல்ல சுண்ணாம்பு?"

"ஆமா. அதுதான் உயிருள்ள சுண்ணாம்பு."

"அதுக்கு முந்தி நான் ஊத்துனதெல்லாம்?"

"பாதி செத்ததும்மா. பனியிலயே நீத்துப்போய் வந்தது. அது எப்படிச் சீறும்? யார் ஊத்தியிருந்தாலும் சீறியிருக்காது."

"யாரு ஊத்தியிருந்தாலுமா?"

"யார் ஊத்தியிருந்தாலும்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் வெற்றிக் களிப்போடு சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். தப்பு இல்லை என்று கேட்ட முகம் அப்படி இருக்காது. அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ கொடுத்து வைத்திருந்த பொருளைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள் என்பது மாதிரி. "பக்கத்துத் தோட்டத்துல கூப்பிட்டாங்களே, அங்கயும் அப்பிடித்தானா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் மீதி வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

மறுநாள் காலையில் நான் கூப்பிடுவதற்கு முன்பே குளித்துவிட்டு வந்து நின்றாள். புது அடுப்பைப் பற்றவைத்தாள். வந்திருந்தவர்கள் கிழக்கே பார்த்து வைக்கச் சொன்னார்கள், சாமியைக் கும்பிட்டு வைக்கச் சொன்னார்கள். அவள் கும்பிடவில்லை. டீக்குப் பால் வைப்பதுபோலப் பாத்திரத்தைத் தூக்கி அடுப்பில் வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பால் ஆடை கட்டி, மேலே எழும்பி, நாலாபக்கமும் வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பொங்கிருச்சு ஆத்தா, ராசியான கை" என்றாள்.

"யாரு வச்சாலும் பொங்கும்" என்றாள் அம்மா.

அடுப்பை அணைத்துவிட்டு, எல்லோரையும் விலக்கிக்கொண்டு பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனாள்.